வாணம் தோண்டுமுன் வளையைப் பாருங்கள்

(வீடு கட்டக் கடன் கேட்டிருக்கும் உறுப்பினர்களுக்காக நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வட்டி, தவணை, பதிவேடு பற்றி நாங்கள் பேசப்போவதில்லை. வீடு கட்டப் போகிற மனையைப் பற்றிப் பேசப்போகிறோம். மனை என்றதும் பட்டா, அளவு, வாஸ்து என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு ஓடும். அந்த மனையில் நமக்கு முன்னாடியே குடியிருக்கிறவர்களைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. எலி, பெருச்சாளி, கீரி, உடும்பு, பாம்பு, முள்ளெலி, நண்டு என்று மண்ணுக்குள் வளையிலும் புற்றிலும் வாழும் உயிர்களைத்தான் சொல்கிறோம்.

இது என்ன பெரிய விஷயம், நாலு ஆளை விட்டு வெட்டி, தீ வைத்து, மண்ணைப் போட்டு மூடினால் முடிந்தது என்று தோன்றும். அப்படி அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து, காசுக்கு நட்டம், சட்டப்படி குற்றம் என்று மூன்று தொல்லை சேர்ந்து வரும். பத்து நாள் பொறுத்தால் மூன்றையும் தவிர்க்கலாம். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஏன் இப்போது பேச வேண்டும்?

பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்திலும், 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் நம் உறுப்பினர்கள் பலர் வீடு கட்டினார்கள். கனவு இல்லம் என்றால் 360 சதுர அடி, 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் தொகையில் வீடு முடிவதில்லை. மீதிக்குத்தான் குழுக் கடன்.

நமக்குக் கிடைக்கும் மனைகள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில்தான் இருக்கின்றன. கண்மாய்க் கரையை ஒட்டி, தேரி மணலை ஒட்டி, கடற்கரை ஊர் என்றால் பனங்காட்டை ஒட்டி. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சும்மா கிடக்கும் நிலம் என்றாலே சீமைக்கருவேல் மண்டிய நிலம்தான். அந்தக் கருவேலங்காட்டு வேருக்கு அடியில் எலி வளை தோண்டும். எலி இருந்தால் பாம்பு வரும். பாம்பு முட்டையையும் பூச்சியையும் தேடி உடும்பும் கீரியும் வரும். ஒரு செண்ட் நிலத்துக்குள்ளேயே ஒரு குடியிருப்பு இருக்கும்.

அதை வெட்டப் போவது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். கொத்தனாருக்குக் கூலி கொடுக்கணும், ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கணும், அதனால் "இந்த முள்ளை நாமளே வெட்டிப்புடலாம் மதினி" என்று அரிவாளும் கவைக்கம்புமாய் இறங்குவது நாம்தான். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு பழந்துணி. அதனால் இந்தப் பேச்சு ஆண்களை விட நமக்குத்தான் முதலில் தேவை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இருபது வருடத்தில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58 ஆயிரம் பேர். அதில் பெரும்பாலோர் கிராமத்தில் மண்ணில் வேலை செய்கிறவர்கள். 2024 நவம்பரில் நம் தமிழக அரசு பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசே கணக்கெடுக்கிறது, நாமும் கவனிக்க வேண்டாமா?

வளையில் யார் இருக்கிறார்கள்?

"கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது" என்று நம் அப்பத்தாக்கள் சொல்லுவார்கள். அது வெறும் பழமொழி இல்லை, உண்மை. நல்ல பாம்போ, கண்ணாடி விரியனோ, கட்டு விரியனோ தானாக வளை தோண்டாது. எலி தோண்டிய வளையிலும், கரையான் கட்டிய புற்றிலும்தான் குடியேறும். ஆகவே எலி வளை என்று நினைத்துக் கையை விடக்கூடாது.

வளை வாசலை உட்கார்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வாசலில் புது மண் குவிந்திருந்தால் எலியோ பெருச்சாளியோ வேலை செய்கிறது என்று அர்த்தம். கடலோர மணலில் வாசலைச் சுற்றி உருண்டை உருண்டையாய் மணல் கிடந்தால் நண்டு. பாம்புச் சட்டை கிடந்தால் சொல்லவே வேண்டாம். வாசலில் நூலாம்படை படிந்து, சருகு மூடிக் கிடந்தால் பெரும்பாலும் பழைய வளை.

சந்தேகம் தீர ஒரு சுலபமான வழி இருக்கிறது, அதற்கு வேண்டிய சாமான் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. சாயங்காலம் வளை வாசலில் கோலமாவையோ சலித்த சாம்பலையோ மெல்லிசாகத் தூவி விடுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். சின்னச் சின்னக் கால் தடம் என்றால் எலி. கால் தடமே இல்லாமல் நெளிந்த ஒரு கோடு மட்டும் என்றால் பாம்பு. இரண்டு பக்கமும் கால் தடம், நடுவில் வால் இழுத்த கோடு என்றால் உடும்பு. தடமே இல்லை என்றால் வாசலில் ஒரு பிடி புல்லைச் செருகி வைத்து மூன்று நாள் பாருங்கள். புல் அசையாமல் இருந்தால் வீடு காலி.

முள்ளெலி பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில்தான் எலி, அது எலி இனமே இல்லை. தென் தமிழ்நாட்டு வறண்ட பூமியில் வாழும் சின்னப் பிராணி. பயந்தால் உருண்டையாய்ச் சுருண்டு கொள்ளும். கரையானையும் வண்டையும் தின்னும், நமக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. இருமலுக்கு மருந்து என்று அதன் முள்ளைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. இப்போது அதை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. அதைக் காப்பதற்கென்றே 2025-ல் தமிழக அரசு நிதி ஒதுக்கியது. வெட்டும்போது கிடைத்தால் தொடாதீர்கள். அந்த மூலையில் வேலையை நிறுத்தி வைத்தால் இருட்டியதும் தானாகப் போய்விடும்.

செய்யவே கூடாத மூன்று காரியங்கள்

ஒன்று, தீ வைப்பது. சுற்றிலும் தீ வைத்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் வளைக்குள் வெந்து சாகும். தப்பித்தது எங்கே போகும்? பக்கத்து வீட்டு விறகுக் கட்டைக்கும் ஓலைக் கொட்டகைக்கும்தான். நம் மனை சுத்தமாகி, பக்கத்து வீட்டுப் பிள்ளை படுக்கிற இடத்தில் பாம்பு ஏறுவது என்ன நியாயம்?

இரண்டு, விஷம் போடுவது. வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரிசி மூட்டைக்கு வைக்கும் மாத்திரை என்று சிலர் சாதாரணமாக வாங்கி வருகிறார்கள். அது ஈரம் பட்டதும் விஷ வாயுவாக மாறும். வளை எத்தனை அடி போகிறது, எந்த வீட்டுக்கு அடியில் முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? அதற்கு முறிவு மருந்து கிடையாது. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸுக்கும் கிடையாது. 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு சின்னப் பிள்ளைகள் இறந்ததைப் பேப்பரில் படித்தோம்.

வளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் இதே கதைதான். நம் கடலோரத்தில் மணலில் சில அடி தோண்டினால் ஊற்று. அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நிற்கிறது. மணலில் ஊற்றியது எல்லாம் கடைசியில் நம் குடத்துக்குத்தான் வரும்.

மூன்று, வாசலை அடைத்துவிட்டு மேலே மண்ணைக் கொட்டுவது. உயிரோடு புதைப்பது பாவம் என்பது ஒரு பக்கம். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறதே, அது வீட்டுக்கு ஆபத்து. பெருச்சாளி வளைகளை மேலாக மூடிவிட்டு அஸ்திவாரம் போட்ட ஒரு சகோதரியின் வீட்டில், ஐப்பசி மழை இறங்கியதும் பின்பக்க மூலை உட்கார்ந்தது. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்பை அடைக்க இன்னொரு கடன். முதல் கடனே முடியவில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

இதில் நாம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு இருளர் மக்களை விட வளையைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 1978-ல் அவர்கள் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் கடிக்கு மருந்து தயாராகிறது. அதே இருளர் மக்கள் எலி பிடிக்கும்போது மண்சட்டியில் நெருப்பு வைத்து வாயால் புகை ஊதுவார்கள். உதடு வேகும், நெஞ்சில் புகை ஏறும். 2000-களில் அதற்குப் பதிலாகக் கையால் சுழற்றும் இரும்புப் புகைக்கருவி வந்தது. தொழிலை விடாமலே ஆபத்தைக் குறைத்துக் கொண்டார்கள்.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அந்த ஊர்க்காரர்கள் திணறினார்கள். நம்மவர்கள் தடம் பார்த்து, புல் மடிந்ததைப் பார்த்துப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கையை வைக்குமுன் கண்ணை வைக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். நமக்கும் அதுதான்.

அதே புளோரிடாவில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. அங்கே மண்ணில் நீளமாக வளை தோண்டும் ஒரு தரை ஆமை உண்டு. அதன் வளையில் 350-க்கும் மேற்பட்ட வகை உயிர்கள் ஒதுங்குகின்றன. கட்டடம் கட்டுகிறவர் முதலில் நிலத்தை நடந்து பார்த்து வளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். வளைக்கு 25 அடிக்குள் வேலை வந்தால் அரசிடம் அனுமதி வாங்கி, ஆமையை வேறு இடத்தில் விட்ட பிறகுதான் மண்ணைத் தொடலாம்.

இங்கிலாந்தில் பேட்ஜர் என்று நாய் அளவுக்கு ஒரு பிராணி வளையில் வாழ்கிறது. அங்கே அனுமதி வாங்கி வளை வாசலில் ஒரு வழிக் கதவு மாட்டுவார்கள். வெளியே வரலாம், உள்ளே திரும்ப முடியாது. 21 நாள் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதியான பிறகே வளையை மூடுவார்கள்.

பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் நடந்து பார், வெளியே போக வழி விடு, காலி என்று தெரிந்த பிறகு மூடு. இதற்குப் பணம் வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

நம் மனைக்குப் பத்து நாள் முறை

முதல் நாள்: காலை வெயில் ஏறியதும் மூன்று பேராக மனையை நடந்து பாருங்கள். முழங்கால் வரை மூடும் பூட்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கால் மூடிய ஷூவும் தடித்த துணியும். கையில் நீளக் கம்பு. தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். வளை உள்ள இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள்.

2 முதல் 4-ஆம் நாள் வரை: கோலமாவும் புல்லும் வைத்து எது உயிருள்ள வளை, எது காலி என்று பிரியுங்கள். பிள்ளைகளையும் கோழியையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

5 முதல் 8-ஆம் நாள் வரை: முள்ளை வெட்டுங்கள், ஆனால் சுற்றி வளைத்து வெட்டாதீர்கள். ஊர்ப் பக்கம் தொடங்கி, காலி நிலத்தின் பக்கம் முடியுங்கள். அந்தக் கடைசி ஓரத்தைக் கடைசி நாள் வரை விட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் உயிர் இரவோடு இரவாக அந்த வழியாகப் போய்விடும். வெட்டிய முள்ளை மனையிலேயே குவிக்காதீர்கள், குவியலுக்குள் மறுபடி குடி வந்துவிடும்.

9-ஆம் நாள்: மறுபடி கோலமாவு. இன்னும் உயிருள்ள வளை எலி வளை என்று தெரிந்தால் பொறி வையுங்கள், கிட்டி போடுங்கள். பாம்பு என்று சந்தேகம் வந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, குழுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பத்தாம் நாள்: காலியான வளையை மேலாக மூடாமல், அது போகும் வழியே மண்வெட்டியால் திறந்து, பொலபொல மண்ணை எடுத்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசு போடுங்கள். வெறுங்கையால் கிளறாதீர்கள். எலி மூத்திரம் பட்ட ஈர மண்ணில் இருந்து எலிக்காய்ச்சல் வரும். கையில் உறை, காலில் செருப்பு, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம்.

எப்போது செய்வது? பாம்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கோடையை ஒட்டித்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வளைக்குள் இறங்கி எல்லாம் வெளியே அலையும். நாம் எப்படியும் மார்கழி கழிந்து தை பிறந்ததும்தானே முகூர்த்தம் பார்ப்போம். தை, மாசிதான் இந்த வேலைக்கும் தோதான காலம்.

மனையில் மஞ்சள் குங்குமம் வைத்த புற்று இருந்தால் பெரியவர்களோடு பேசி, முடிந்தால் அதைச் சுற்றி இடம் விட்டு வீட்டைத் தள்ளிப் போடுங்கள். மனமும் நிம்மதி, உயிரும் பத்திரம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது

பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மணலில் எலி சுலபமாக வளை போடும். குழாய் நுழையும் துளைகளைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். கரையான் மருந்து அடிப்பதானால் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, தெரிந்தவரைக் கொண்டு அடிக்க வேண்டும். செங்கலையும் பலகையையும் தரையில் அடுக்காமல் கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். இறக்கிய மணல் மேட்டில் பஞ்சுருட்டான் குருவி பொந்து போட்டிருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் அள்ளுங்கள். சிமெண்ட் மூட்டைக்குக் காவலாகத் தரையில் படுக்காதீர்கள். கட்டு விரியன் ராத்திரி தரையில் படுத்தவரைத்தான் கடிக்கும், கடித்த வலியே தெரியாது. கட்டிலும் கொசுவலையும் டார்ச்சும் செங்கல் சிமெண்டைப் போலவே வீட்டுச் செலவுதான்.

கரையோரக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. மீன் உலர்த்தும் தளம், கொட்டகை, கடை என்று கரையில் எதைக் கட்டினாலும் கடலோர ஒழுங்குமுறை விதிப்படி அனுமதி வேண்டும். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, அந்தப் பக்கம் கட்டாயம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தையிலிருந்து பங்குனி, சித்திரை வரை பங்குனி ஆமை கரையேறி மணலுக்குள் நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு வர 45 முதல் 60 நாள் ஆகும். ட்ராக்டர் டயர் தடம் போல மணலில் தடம் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள்.

கடித்துவிட்டால்

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பச்சிலை, மந்திரிப்பு என்று ஒரு நிமிஷமும் வீணாக்காதீர்கள். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் கழற்ற முடியாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல், 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது எல்லாமே வேட்டைதான். பாம்பு, உடும்பு போன்றவற்றின் முட்டையைக் கலைப்பதும் அதில் சேரும். உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-ல் வந்த திருத்தத்தின்படி அதற்குத் தண்டனை மூன்று முதல் ஏழு வருட சிறை, அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் அடித்தால் குற்றமில்லை. கிடைத்ததே என்று உடும்பைக் குழம்பு வைப்பது குற்றம். மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி, "லட்சக்கணக்குல தருவாக, புடிச்சு வைங்க" என்று வரும் தரகர்களை நம்பி எந்தச் சகோதரியும் மாட்டிக்கொள்ள வேண்டாம். காசும் வராது, கோர்ட்டுக்கு நடப்பதுதான் மிச்சம்.

தீர்மானம்

இந்தப் பேச்சு பேச்சோடு போகக்கூடாது. அதனால் எல்லாக் குழுக்களின் முன்னும் ஒரு யோசனையை வைக்கிறோம். வீட்டுக் கடனின் முதல் தவணையைக் கொடுக்குமுன், குழுவில் இருந்து மூன்று பேர் போய் மனையை நடந்து பார்க்க வேண்டும். வளை எத்தனை, காலியாகிவிட்டதா, வாய்க்கு வாய் மூடாமல் திறந்து மண் நிரப்பப்பட்டதா என்று பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்து நாளுக்கு வட்டி கிடையாது, ஏனென்றால் பணமே இன்னும் கைமாறவில்லை. வீட்டுக்கார அண்ணன்மார் "இதுக்கெல்லாமா நாள் பார்ப்பாக" என்று கேட்டால், குழு விதி என்று சொல்லிவிடுங்கள். ஒருத்தி தனியாகச் சொன்னால் எடுபடாதது, இருபது பேர் கையெழுத்தோடு சொன்னால் எடுபடும். அதற்குத்தானே குழு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் விளக்கி, தீர்மானம் போட்டு, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வனச்சரக அலுவலக எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள்.